எழும்பூர் மணலும் ஏணிப்படி அட்டைகளும்

சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்காக நடந்த அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளராக 1789இல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்து ஆதரவற்றுப்போன சிறுவர்கள் அங்கே இருந்தனர். எழுத்துக் கற்பிக்கும் வகுப்பு மட்டும் எவ்வளவு முயன்றும் நகரவில்லை. ஒருநாள் காலைச் சவாரியில் பெல் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைக் கடந்தார். அக்கால ஐரோப்பியர் தமிழரை ‘மலபார்’ என்றே எழுதியதால் அவர் குறிப்பில் அது ‘மலபார்ப் பள்ளி’. பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதையே நம் வகுப்பிலும் செய்யலாம் என்று பெல் சொன்னபோது எழுத்து வகுப்பின் உதவியாசிரியர், நடக்காத காரியம் என்று கைவிரித்துவிட்டார். பெல் அவரை ஒதுக்கிவைத்து, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்களால் முடியாததை மணலும் ஒரு சிறுவனும் செய்துகாட்டினார்கள். 1797இல் லண்டனில் பெல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் ‘மெட்ராஸ் முறை’. அடுத்த முப்பது ஆண்டுகளில் அது பிரிட்டனின் ஏழைக் குழந்தைகள் பள்ளிகளில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது.

இந்தக் கதையை நம்மவர்கள் சட்டாம்பிள்ளையின் கதையாகச் சொல்வதே வழக்கம். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் வழக்கத்தை வெள்ளைக்காரன் கொண்டுபோய்விட்டான் என்பது நமக்கு இனிக்கும் செய்தி. அதில் மணல் ஓரத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த வகுப்பறையின் தொழில்நுட்பம் மணல்தான். காசு கேட்காது. பிழையாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், தடயமே இருக்காது. எத்தனை முறை வேண்டுமானாலும் தவறலாம். எழுத்தின் வளைவை விரல் உணர்கிறது, வாய் அதன் பெயரைச் சொல்கிறது, கண் பார்க்கிறது. இன்று விலைகொடுத்து வாங்கும் தொடுதிரைச் செயலிகள் தங்கள் சிறப்பாகச் சொல்லிக்கொள்வதில் பாதி இதிலேயே அடங்கிவிடும். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளியின் இருநூற்றுச் சொச்ச ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் ஒன்று தெளிவாகிறது. வகுப்பறைக்குள் வந்த எந்தக் கருவியும், அது புதியதா பழையதா என்பதை வைத்துப் பயன் தரவில்லை. குழந்தையின் கையில் இருந்தவரை கற்பித்தது. மேற்பார்வையாளர் கைக்கு மாறியதும் கணக்குக் காட்டும் சாமானாகிவிட்டது. இந்த இடமாற்றம் ஒருமுறை நடந்ததல்ல, திரும்பத் திரும்ப நடந்தது.

பெல் கண்டது போன்ற நாட்டுப் பள்ளியை, அதாவது திண்ணைப் பள்ளிக்கூடத்தை, கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மணலில் எழுத்துக் கூடிவந்த பிறகுதான் பையனுக்கு ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். இரும்பு முனையால் ஓலையில் கீறிய எழுத்து, இலைச் சாறும் கரியும் தடவித் துடைத்த பின்பே கண்ணுக்குத் தெரியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஒருபக்கம். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி மறுபக்கம். பொன்னிலக்கம் என்பது பின்னங்களின் அணிவகுப்பு. ஒன்றில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, இருபது மா சேர்ந்தால் ஒன்று. நெல்லிலக்கத்தில் இதே வேலையை ஆழாக்கும் உழக்கும் நாழியும் குறுணியும் கலமும் செய்யும்: எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். இதைப் பையன் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவான், எழுதியதைச் சட்டாம்பிள்ளையிடம் ஒப்பிப்பான், ஒப்பித்து முடித்தால் அடுத்த சுவடிக்குப் போவான். ஆண்டுத் தேர்வு, ஒட்டுமொத்தமாகத் தேர்ச்சி பெறும் வகுப்பு என்று எதுவும் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் மூதுரையில் இருக்கலாம், இவன் இன்னும் மணலிலேயே இருக்கலாம். தெருவில் இறங்கினால் களத்து மேட்டில் நெல் அளக்கும் மரக்கால் இருக்கும். சுவடியில் படித்ததும் ஊரில் புழங்குவதும் ஒரே அளவுதான்.

இது வெறும் மனப்பாடம், குழந்தை தானே செய்து கற்கும் செயல்வழி இதில் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு தமது ஆய்வுநூலில் இதற்குச் சொல்லும் பதில் எனக்கு ஏற்புடையது: திண்ணையில் நினைவாற்றல் கற்றலின் எதிரியாக இல்லை, கணக்குப் போடும் கருவியாகவே இருந்தது. காகிதம் இல்லாத உலகில், கூலியையும் நிலவரியையும் நின்ற இடத்திலேயே பின்னக் கணக்கில் போட்டாக வேண்டியவனுக்குத் தலைக்குள் இருக்கும் வாய்பாடுதான் கைப்பொறி. ஆனால் மற்ற இரண்டு குறைகளுக்குச் சமாதானம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒன்று பிரம்பு. பெல்லாரி கலெக்டர் கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கை மணலில் எழுதும் சிக்கனத்தையும் மூத்தவன் இளையவனுக்குக் கற்பிப்பதையும் மெச்சுகிறது. அதே அறிக்கையில், தாமதமாக வரும் ஒவ்வொருவனுக்கும் வரிசைப்படி ஏறிக்கொண்டே போகும் அடியும் பதிவாகியிருக்கிறது. பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையைத் தமிழர்கள் தங்கள் வாழ்க்கை வரலாறுகளிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மற்றொன்று, யார் உள்ளே, யார் வெளியே என்பது. 1822இல் தாமஸ் மன்றோ உத்தரவிட்ட கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் காட்டியது. அவர்களில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தான். தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும்பான்மையினர் ‘சூத்திரர்’ என்று பதியப்பட்டவர்கள் என்பதை வரலாற்றாய்வாளர் தரம்பால் எடுத்துக்காட்டியது முக்கியமான திருத்தம். ஆயினும் தீண்டாமைக்கு ஆட்பட்ட குழந்தைகளுக்குத் திண்ணை ஏற முடியாத உயரத்திலேயே இருந்தது. ஆகவே அங்கே திரும்பிப் போகலாம் என்பது என் வாதம் அல்ல. அங்கே கருவி குழந்தையின் கையிலும், வேகம் குழந்தையின் வசத்திலும் இருந்தன என்ற ஒரு செய்தியை மட்டும் தனியே பிரித்தெடுக்கிறேன்.

அந்தச் செய்தி கடல் கடந்ததும் என்ன ஆயிற்று என்பது சுவையானது. இங்கிலாந்தில் பெல்லின் முறையும் ஜோசப் லங்காஸ்டரின் முறையும் போட்டிபோட்டுப் பரவின. இரண்டிலும் சிறு குழந்தைகளுக்கு மணல் பலகை இருந்தது. ஆனால் அங்கே தேவைப்பட்டது ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை நிர்வகிக்கும் வழி. கட்டளைக்கு ஏற்ப எல்லாரும் ஒரே சமயத்தில் எழுத வேண்டும், ஒரே சமயத்தில் நிறுத்த வேண்டும், ஒரே சமயத்தில் காட்ட வேண்டும். மணலும் விரலும் அவைதான். ஆனால் எப்போது அழிப்பது என்பதைக் குழந்தை முடிவுசெய்ய முடியாமல் போயிற்று. தொழிற்சாலை ஒழுங்கை அப்படியே பள்ளிக்குள் கொண்டுவந்ததாகப் பின்னாளில் அந்த முறை பழிக்கப்பட்டதற்கு இதுவே காரணம். சட்டாம்பிள்ளையும் அங்கே மேஸ்திரியாகிவிட்டான்.

இங்கேயும் நிலைமை வேகமாக மாறியது. 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியம் வந்தது, மானியத்தோடு ஆய்வாளர் வந்தார். எத்தனை பிள்ளைகள் எந்தப் பாடத்தில் தேறினார்கள் என்று பார்த்துப் பணம் கொடுக்கும் ஏற்பாடு திண்ணை வாத்தியாரையும் உள்ளிழுத்துக்கொண்டது. ஒரே நாளில் வந்து எல்லாரையும் அளந்துவிட்டுப் போக வேண்டிய ஆய்வாளருக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு சுவடியில் இருந்தால் கட்டுப்படியாகுமா? எல்லாரும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அச்சுப் பாடநூல், வகுப்புப் பிரிவு, கரும்பலகை மூன்றும் இந்தத் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்தின. கல்வியாளர் கிருஷ்ணகுமார் நம் கல்வியைப் பாடநூல் பண்பாடு என்று விவரித்து, அதன் வேரைக் காலனியத் தேர்வுமுறையில் காட்டியது இதைத்தான். சிலேட்டு மட்டும் குழந்தை கையிலேயே தங்கியது. எச்சில் தொட்டு அழிக்கலாம் என்பதால் அது மணலின் வாரிசு. ஆனால் அதில் எழுத வேண்டியதை இப்போது கரும்பலகை சொன்னது.

இருபதாம் நூற்றாண்டில் கையை மீண்டும் வகுப்புக்குள் கொண்டுவர இரண்டு பெரிய முயற்சிகள் நடந்தன. இரண்டும் தமிழ்நாட்டைத் தொட்டன. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்தவர். போர் மூண்டதால் இத்தாலியர் என்ற முறையில் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1942 முதல் இரண்டாண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். அவருடைய கருவிகளில் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள், அவற்றுக்கு அளவெடுத்த பத்து உருளைகள். ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசியில் ஓர் உருளை எந்தக் குழியிலும் அடங்காமல் கையில் மிஞ்சும். தவறைச் சொல்ல ஆசிரியர் வேண்டாம், சிவப்பு மை வேண்டாம். கருவியே சொல்லிவிடும், அதுவும் குழந்தைக்கு மட்டும். மணலின் குணத்தைக் கடைந்தெடுத்த மரத்தில் வடித்ததுபோல இருக்கிறது. ஆனால் அந்த மரத்துக்கு விலை இருந்தது. வசதியுள்ளவர்களின் தனியார் பள்ளிகளோடு அது நின்றுவிட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மற்றொன்று காந்தியின் ஆதாரக் கல்வி. 1937இல் வார்தாவில் முன்வைக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் நூற்பு போன்ற ஒரு கைத்தொழில்தான் மையம். கணக்கும் வரலாறும் அதைச் சுற்றியே கற்பிக்கப்பட வேண்டும். பிள்ளைகள் செய்யும் பொருளின் வருவாயில் ஆசிரியர் சம்பளத்தை ஈடுகட்டலாம் என்ற பகுதிக்கு மாநாட்டிலேயே எதிர்ப்பு வந்தது; அப்படியானால் பள்ளி பட்டறையாகிவிடாதா? நடைமுறையில் இங்கே மிஞ்சியது நூல் நூற்கும் தக்களி. கதிரைச் சுழற்றுவதிலிருந்து கணக்குக்குப் போகும் பாதையை யாரும் போடவில்லை. கைத்தொழில் பாடவேளை என்று கால அட்டவணையில் ஒரு கட்டமாக அது ஒதுங்கியது.

இதன் நடுவில் 1953 வந்தது. கை வேலையைப் பற்றித் தமிழ்நாட்டில் யார் பேசினாலும் அந்த ஆண்டைத் தாண்டிப் போக முடியாது. முதல்வர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மாணவர்களை இரு பிரிவாக்கி, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னார். கட்டடமும் ஆசிரியரும் கூடாமலேயே கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் சொன்ன நியாயம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் போராடினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. செயல்வழிக் கற்றல் என்றாலே கைத்தொழில், கைத்தொழில் என்றாலே சாதி என்று ஐயப்படும் குரல் இன்றும் கேட்கிறதென்றால் அதன் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. அந்த ஐயத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். நான் பார்க்கும் வேறுபாடு இதுதான்: செருப்புத் தைப்பவர் மகனின் கையில் ஊசியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது அவன் கைக்கு ஏற்கெனவே ஒரு முடிவை எழுதிவைப்பது, எல்லாக் குழந்தைகளின் கையிலும் ஒரே மணிச்சட்டத்தைக் கொடுப்பது அந்தக் கைகளைச் சமமாக்குவது. 1953இல் மக்கள் மறுத்தது முன்னதை. ஆனால் அந்த மறுப்பின் வேகத்தில், புத்தகமும் பெஞ்சும் தேர்வும் மட்டுமே சமத்துவத்தின் அடையாளம் என்ற எண்ணமும் ஊன்றிவிட்டது. அடுத்த அரை நூற்றாண்டில் சத்துணவும் இலவசப் பாடநூலும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்தன, அது சாமானிய சாதனையல்ல. வந்த பிள்ளை உள்ளே என்ன செய்கிறது என்ற கேள்விதான் காத்திருந்தது.

அந்தக் கேள்வியை எடுத்தது 2003இல் சென்னை மாநகராட்சி. ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்ட அட்டை முறையைப் பார்க்க மாநகராட்சி ஆசிரியர்களை அனுப்பினார். திரும்பி வந்தவர்கள் தாங்களே உட்கார்ந்து அட்டைகளை எழுதினார்கள். செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 13 பள்ளிகளில் தொடங்கியது மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் பரவி, 2007–08 கல்வியாண்டில் மாநிலத்தின் அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போயிற்று. ஏறத்தாழ 37,000 பள்ளிகள். உலகில் வேறெங்கும் இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு வேகத்தில் ஒரு வகுப்பறை தலைகீழாக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரில் தரையை ஒட்டிக் கீழ்மட்டக் கரும்பலகை, ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இடம். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்தவை தொங்கும். பாடத்திட்டம் முழுவதும் சிறு சிறு படிகளாக வெட்டப்பட்டு ஏணிப்படியாகச் சுவரில் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னமும் எண்ணும் போட்ட அட்டை. குழந்தை ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, அந்தச் சின்னம் சொல்லும் குழுவில் போய் உட்கார வேண்டும். ஒரு குழுவில் ஆசிரியர் முழுதாக உதவுவார், இன்னொன்றில் பாதி, வேறொன்றில் கூடப் படிக்கும் பிள்ளை உதவும், மற்றொன்றில் யாரும் உதவ மாட்டார்கள். நான்கு நாள் வராத குழந்தை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே ஏறும். இடமதிப்புக்கு மாண்டிசோரியின் மணிகள் வந்தன. கூடப் படிக்கும் பிள்ளை வழியாகச் சட்டாம்பிள்ளை, பிரம்பில்லாமல், திரும்பி வந்தான். ஆளுக்கொரு பாடம் என்ற திண்ணையின் வேகமும் வந்தது, இம்முறை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும், பெண்களுக்கும்.

இதை எதிர்த்தவர்கள் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. பெற்றோர் கண்ணில் இது படிப்பாகவே தெரியவில்லை: வாத்தியார் பாடம் நடத்துவதில்லை, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அட்டை விளையாடுகிறார்கள். பெஞ்சைச் சமத்துவமாகக் கண்ட ஒரு சமூகத்தில் இந்தக் கோபம் இயல்பு. அவர்களில் பலர் மெட்ரிக் பள்ளிகளை நோக்கி நடந்தார்கள். அதற்கு ஆங்கில மோகமே பெரிய காரணம் என்றாலும் பாயும் ஒரு காரணம். இதைவிடக் கனமான மறுப்பு அளவீட்டிலிருந்து வந்தது. நாடு தழுவிய அசர் கற்றல்திறன் ஆய்வுகள் தமிழ்நாட்டுக் கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்புத் திறனைத் தாழ்வாகவே காட்டின. செயல்வழி வந்தும் வாசிப்பு வரவில்லையென்றால் முறை தோற்றுவிட்டதாகத்தானே பொருள்? நான் அப்படிப் படிக்கவில்லை. சென்னையில் தொடங்கியபோது அட்டையை எழுதியவரும் அதை வகுப்பில் வைத்திருந்தவரும் ஒருவரே. ஓர் அட்டை பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லையென்றால் அடுத்த வாரம் அதை மாற்றி எழுதலாம். மாநிலம் முழுவதற்கும் போனபோது அட்டை அச்சாகி வந்திறங்கியது. அதை மாற்றும் உரிமை ஆசிரியருக்கு இல்லை, பல இடங்களில் மாற்றலாம் என்ற நினைப்பும் இல்லை. பயிற்சி சில நாள், மேற்பார்வை பல நாள். எத்தனை பேர் எந்தப் படியில் என்ற பதிவேடு மேலே போக வேண்டியிருந்தபோது, அட்டை முடிந்ததா என்பது கற்றதா என்பதைவிட முக்கியமாயிற்று. மானியக் காலத்து ஆய்வாளர் வேறு உடையில் வந்துவிட்டார். தோற்றது எதுவென்று சொல்ல வேண்டுமானால், அச்சிட்ட பாடநூலைத் துண்டு துண்டாக வெட்டிப் பாயில் பரப்பியதுபோல் நடந்த இடங்கள் தோற்றன.

திரை இந்த நிலையில்தான் வந்தது. 2018இல் பாடநூல்களில் காணொளிகளுக்கு இட்டுச்செல்லும் விரைவுக் குறியீடுகள் (QR) அச்சாயின. அவற்றைத் திறக்கும் கைபேசி பெரும்பாலும் அப்பாவிடம், அவர் வேலைக்குப் போயிருப்பார். 2019இல் கல்வித் தொலைக்காட்சி, பின்பு பெருந்தொற்று. பள்ளி திறந்தபோது எழுத்தையே மறந்துவிட்டிருந்த பிள்ளைகளுக்காக 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளும், ஒரே வகுப்பில் வெவ்வேறு நிலைப் பிள்ளைகள் என்ற ஒப்புதலும் அட்டை முறையின் மிச்சம். அதோடு ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் திறன் வகுப்பறைகள். திறன் பலகை ஒளிர்ந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே திசையில் திரும்பி உட்கார வேண்டும். கைக்கணினி ஆசிரியர் கையில் இருக்கிறது. அவர் அதில் செய்யும் முதன்மையான வேலைகளில் ஒன்று மதிப்பீட்டைப் பதிவேற்றுவது. பதிவேற்றவே நேரம் போய்விடுகிறது, கற்பிக்க எங்கே நேரம் என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குவது எளிது. இந்த வரலாற்றை அறிந்தவர் ஒதுக்க மாட்டார்.

ஆறு வயதுக் குழந்தை கையில் திரையைக் கொடுக்கச் சொல்கிறீர்களா, கண் என்னாவது, கவனம் என்னாவது என்று கேட்பார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நெல்லிக்கொட்டையும் புளியங்கொட்டையும் கூட்டலுக்கு இன்றும் போதும். ஆனால் கொடுத்தால் எப்படிக் கொடுப்பது என்பதற்கு விடை பழையது. கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட் 1960களின் பிற்பகுதியில் குழந்தைகளுக்கான லோகோ நிரல்மொழியைச் சகாக்களோடு உருவாக்கியபோது, கணினி குழந்தைக்குக் கட்டளையிடாமல் குழந்தை கணினிக்குக் கட்டளையிடட்டும் என்றார். குழந்தையின் கட்டளைப்படி கோடு வரைந்துகொண்டு நகரும் லோகோவின் ‘ஆமை’ தவறான பக்கம் திரும்பினால் குழந்தையே பார்க்கும், குழந்தையே திருத்தும். அந்த வசதி திரைக்குள் இருக்கிறது. நாம் வாங்குவது பெரும்பாலும் காணொளி காட்டும் திரையை. இன்னொன்று, உடனே செய்யக்கூடியது. ஏணிப்படி சுவரில் இருந்தவரை தன் இடம் எது என்று குழந்தைக்குத் தெரிந்திருந்தது. அதே தகவல் இப்போது செயலி வழியாகச் சென்னைக்குப் போகிறது, மாவட்டவாரியாக வரைபடமாகிறது, அலுவலர் கூட்டத்தில் விவாதிக்கப்படுகிறது. அரும்பில் இருக்கும் குழந்தைக்குத் தான் அரும்பில் இருப்பதும், மொட்டுக்குப் போக இன்னும் எந்த எழுத்துகள் பாக்கி என்பதும் அந்தக் கைக்கணினியில் தெரிவதில்லை. அந்தப் பக்கத்தைக் குழந்தைக்குத் திருப்பிக் காட்ட இன்னொரு கருவி வாங்க வேண்டியதில்லை, செயலியில் ஒரு திரையைக் கூட்டினால் போதும்.